சோலையில் கூடு கட்டும் குருவிகளும் சுற்றுலாத் திட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் ஊரை ஒட்டிய சோலைக்குள் நடைபாதை, தொங்கு பாலம், ஜிப்லைன், செல்ஃபி மேடை என்று ஏதாவது ஒரு திட்டம் பேச்சுக்கு வந்தால் போதும், அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். நீலகிரியை மனதில் வைத்து எழுதியது என்றாலும், கொடைக்கானல் சோலைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சோலைன்னா என்ன? அதுவும் காடுதானே?

காடுதான், ஆனால் உயர்ந்த மலையில் மட்டும் வளரும் காடு. மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டி, புல்வெளிக்கு நடுவே திட்டுத் திட்டாக நிற்கும். மரங்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். கிளையெல்லாம் பாசி, தரையெல்லாம் ஈரச் சருகு, இடையில் குறிஞ்சிப் புதரும் பெரணியும். பல சோலைகள் சில ஹெக்டேர் அளவுதான். கோத்தகிரியின் லாங்வுட் சோலை சுமார் 116 ஹெக்டேர். ஊரை ஒட்டி இவ்வளவு பெரிய சோலை மிஞ்சியிருப்பது அரிது. 2024-இல் அது ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டது.

எந்தக் குருவிகளைப் பத்திப் பேசுறீங்க?

முக்கியமாக மூன்று. நீலகிரி சோலைக்கிளி: கிளி இனமல்ல, கருநீல உடலும் செம்பழுப்பு விலாவும் கொண்ட சிறு பாடும் பறவை. இருண்ட தரையில் சருகைக் கிளறி இரை தேடும். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான்: புதரின் அடியில், தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்துக்குள் திரியும். நீலகிரிச் சிரிப்பான்: கூட்டமாகச் சிரிப்பது போலக் கத்தும், பழமும் பூச்சியும் தின்னும். மூன்றுமே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே போனால் சோலைக்கிளியும் சிரிப்பானும் வேறு இனங்களாகிவிடும். கொடைக்கானலில் பார்ப்பது அந்த உறவுக்காரப் பறவைகளைத்தான்.

இவை கூடு கட்டும் இடத்தைக் கவனித்தால் பிரச்சினை பாதி புரிந்துவிடும். சோலைக்கிளி ஓடைக்கரை அல்லது பாதையோர மண்சரிவில் உள்ள பொந்திலோ, மரத்தின் தாழ்ந்த பொந்திலோ பாசி வைத்துக் கூடு கட்டும். ஈப்பிடிப்பான் காய்ந்த கோரையிலையையும் பெரணியையும் உருண்டையாகச் சுருட்டி, பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்கும் கீழே புதரில் வைக்கும். பார்ப்பவருக்குக் கிளையில் சிக்கிய சருகுக் குப்பை போலத்தான் தெரியும். சிரிப்பான் பாசியும் குச்சியும் கொண்டு கிண்ணம் போலப் புதரிலோ தாழ்ந்த கிளைக் கவட்டிலோ கட்டும். மூன்றும் பொதுவாக ஓர் ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவைக்கு, இரண்டு முட்டைதான் இடும். ஒரு கூடு அழிந்தால் ஓர் இணையின் அந்த ஈடு முழுவதும் போச்சு.

எந்த மாசத்துல கூடு கட்டும்?

பிப்ரவரியில் தொடங்கி ஜூலை வரை. நெருக்கடியான காலம் மார்ச் முதல் ஜூன் வரை. கூடு கட்டத் தொடங்கியதிலிருந்து குஞ்சு வெளியேறும் வரை ஏறக்குறைய ஐந்து வாரம். வெளியே வந்த குஞ்சு நன்றாகப் பறக்கப் பழகும் வரை மேலும் இரண்டு மூன்று வாரம் தாழ்ந்த புதரிலேயே பதுங்கியிருக்கும்.

இனி சுற்றுலா நாட்காட்டியைப் பாருங்கள். பள்ளி விடுமுறை, கோடை விழா, மலர்க் கண்காட்சி எல்லாம் ஏப்ரல், மே மாதங்களில். குருவிக்கு அதிக அமைதி தேவைப்படும் அதே வாரங்களில்தான் மலைக்கு அதிகக் கூட்டம் வருகிறது. இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எல்லா பதில்களும் இந்த ஒரு மோதலிலிருந்து வருபவைதான்.

ரெண்டு மீட்டர் பாதைதானே, காட்டுல எவ்வளவு போயிடப் போகுது?

ஒரு கிலோமீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் என்றால் பாதைக்குப் போவது 0.2 ஹெக்டேர். திட்ட அறிக்கையில் வருவது இந்த எண்தான். ஆனால் பாதையின் தாக்கம் அதன் ஓரத்தோடு நிற்பதில்லை. ஆள் நடமாட்டம், சத்தம், உள்ளே புகும் வெயில், காற்று, காக்கை, களை எல்லாம் இருபுறமும் பரவும். பக்கத்துக்கு 50 மீட்டர் என்று மிதமாக வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோமீட்டர் பாதை 10 ஹெக்டேரைத் தொடுகிறது. 116 ஹெக்டேர் சோலையில் மூன்று கிலோமீட்டர் பாதை வளைந்து நெளிந்து போனால் 30 ஹெக்டேர், அதாவது கால்வாசிக் காடு. இருபது ஹெக்டேர் சோலையின் நடுவே ஒரு கிலோமீட்டர் பாதை போட்டால் பாதிக் காடு.

எனவே பாதையின் அகலத்தை விட அது எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சோலையின் வெளி ஓரத்தை ஒட்டிப் போகும் பாதையின் தாக்கம், ஏற்கெனவே கெட்டுப்போன ஓரத்தின் மீதே பெரும்பாலும் விழும். நடுவே போகும் பாதை இரண்டு பக்கமும் புதிய ஓரத்தை உண்டாக்கும்.

சும்மா நடந்து போறதால குருவிக்கு என்ன கஷ்டம்? யாரும் கல்லெறியலையே?

தாழ்ந்த கூட்டில் அடைகாக்கும் பறவை, ஆள் நெருங்கினால் எழுந்து போய்விடும். ஒரு குழு கடந்து போக ஐந்து நிமிடம், அது தயங்கித் தயங்கித் திரும்பி வர இன்னும் சில நிமிடம். 2,000 மீட்டர் உயரத்தில், பனி இறங்கும் காலையில், முட்டை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அடுத்த குழு, அதற்கடுத்த குழு என்று விடுமுறை நாளில் வரிசையாக வந்தால் அடைகாக்கும் நேரமே துண்டு துண்டாகிவிடும். குஞ்சு பொரித்த பிறகும் இதே கதைதான். வாயில் புழுவோடு மேலே கிளையில் உட்கார்ந்து, நாம் போகட்டும் என்று தாய்ப்பறவை காத்திருக்கும். அது எழுந்து போவதையும் திரும்பி வருவதையும் காக்கையும் குரங்கும் கவனித்துக்கொண்டிருக்கும்.

சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுப் பகுதிகளில் கூடு கட்டும் பருவத்தில் மிதமான அளவுக்கு மட்டும் ஆட்களை நடக்க விட்டார்கள். அங்கே பறவைகள் பிடித்த எல்லைகளும் (ஓர் இணை தனக்கென்று காக்கும் இடம்) இனங்களின் எண்ணிக்கையும் சுமார் 15 சதவீதம் குறைந்தன. 2017-இல் வெளியான ஆய்வு அது. மரம் வெட்டவில்லை, பாதை போடவில்லை, ஆள் நடந்ததால் மட்டுமே வந்த குறைவு.

ஊட்டி கார்டன்லயே சிரிப்பான் துள்ளிக்கிட்டுத் திரியுதே. மனுஷங்களைக் கண்டு பயப்படுற மாதிரி தெரியலையே?

உண்மைதான். சிரிப்பானும் கரும்பூங்குருவியும் செம்மீசைச் சின்னானும் தோட்டத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். வேலிப் புதரில்கூடக் கூடு வைக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு எல்லாப் பறவையும் பழகிவிடும் என்று முடிவு கட்டக் கூடாது. சோலைக்கிளிக்கு நிழல், ஈரச் சருகு, மண்சரிவு மூன்றும் ஒன்றாக வேண்டும். பாதையோரம் பறவைச் சத்தம் நிறையக் கேட்கிறது என்றால் எந்தப் பறவை என்று கேளுங்கள். சின்னானும் மைனாவும் கூடி சோலைக்கிளி குறைந்திருந்தால் அந்தச் சோலை தோட்டமாக மாறிக்கொண்டிருக்கிறது.

இங்க தொந்தரவுன்னா வேற சோலைக்குப் போயிக்காதா?

போக இடம் இருக்க வேண்டுமே. அடுத்த சோலையில் ஏற்கெனவே வேறு இணைகள் எல்லை பிடித்திருக்கும். நடுவே தேயிலைத் தோட்டம், சாலை, கட்டடம். அடிமரத்து இருட்டில் வாழும் பறவை திறந்த வெளியைக் கடந்து எளிதில் போகாது. வயது வந்த பறவை பழைய எல்லையை விடாமல் அங்கேயே கிடக்கும், ஆனால் குஞ்சு தேறாது. அதனால்தான் பாதை போட்ட அடுத்த வருடம் வந்து பார்த்து "குருவி இருக்கத்தானே செய்யுது" என்று சொல்வது ஏமாற்றும் கணக்கு. குறைவு கண்ணுக்குத் தெரிய சில வருடங்கள் ஆகும்.

மரம் ஒண்ணுகூட வெட்ட மாட்டோம்னு எழுதிக் கொடுத்துட்டாங்களே?

நல்லது, ஆனால் மேலே சொன்ன மூன்று பறவைகளும் பெரும்பாலும் பெரிய மரத்தில் கூடு வைப்பதில்லை. புதரை ஒதுக்குவது, சருகைக் கூட்டுவது, மண்சரிவுக்குக் கல் கட்டுவது, ஓடையோரம் சிமெண்ட் பூசுவது, பட்டுப்போன மரத்தை "ஆபத்து" என்று அகற்றுவது ஆகிய ஐந்தும் மரம் வெட்டாமலேயே நடக்கும். வாக்குறுதியில் இவை ஐந்தையும் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதில் மண்சரிவுதான் எப்போதும் விட்டுப்போகிறது. பாதைக்கு மேலே ஒரு மீட்டர் உயர மண்வெட்டு, வேர் தொங்க, பாசி படர்ந்து, சும்மா கிடப்பது போல இருக்கும். பொறியாளர் கண்ணுக்கு அது தடுப்புச் சுவர் கட்ட வேண்டிய இடம். சோலைக்கிளிக்கு அதுவே வீடு.

சிமெண்ட் இல்லாம மூங்கில், மரப்பலகைன்னு இயற்கையா போட்டா பரவாயில்லையா?

தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் என்ற அளவில் நல்லது. குருவிக்கு வித்தியாசம் குறைவு, ஏனென்றால் தொந்தரவு தருவது நடப்பவர்கள்தான். இன்னொன்று, சோலை ஈரத்தில் மூங்கிலும் பலகையும் சீக்கிரம் உளுத்துப்போகும். பழுது பார்க்கிறோம் என்று ஆட்களும் பொருளும் உள்ளே வருவார்கள், அதுவும் சீசனுக்கு முன்னால், பிப்ரவரி மார்ச்சில். மண்பாதையே போதும்.

தொங்கு பாலமும் ஜிப்லைனும் மேலேதானே? கீழ இருக்கற கூட்டுக்கு என்ன?

இரண்டுக்கும் தூண், அஸ்திவாரம், ஏறும் மேடை, இறங்கும் மேடை, வரிசையில் நிற்க இடம், அதற்குக் கழிவறை, அதற்குத் தண்ணீர்க் குழாய் எல்லாம் வேண்டும். கம்பி போகும் வழியில் கிளையைக் கழிப்பார்கள். மேல்மூடி திறந்தால் வெயில் தரைக்கு இறங்கி, ஈரம் காய்ந்து, களை முளைக்கும். ஜிப்லைனில் போகிறவர்கள் கத்தாமல் போவதில்லை. எல்லையைப் பாட்டால் காக்கும் பறவைக்கு, பாட்டு அடுத்த பறவைக்குக் கேட்காவிட்டால் எல்லையே இல்லை. சோலைக்குள் இந்த இரண்டுக்கும் சமரசமே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நாயைக் கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போலாமா?

சோலைக்குள் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகே காட்டுப் பாதைகளில் கயிறு கட்டிய நாய்களை நடத்திப் பார்த்தார்கள். பாதையோரப் பறவை இனங்கள் 35 சதவீதமும், பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்தன. 2007-இல் வெளியான முடிவு அது. நாயில்லாமல் மனிதர் மட்டும் நடந்தபோதும் குறைவு இருந்தது, ஆனால் அதை விடச் சிறியது. தரையோரம் கூடு வைக்கும் பறவைக்கு நாய் என்றால் வேட்டை விலங்குதான், கயிறு இருப்பது அதற்குத் தெரியாது.

குப்பைத்தொட்டி நிறைய வச்சா சுத்தமா இருக்கும்ல?

உள்ளே ஒரு தொட்டிகூட வைக்கக் கூடாது. தொட்டி இருந்தால் நாட்டுக்குரங்கு வரும், அண்டங்காக்கை வரும், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். தின்பண்டத்துக்காக வரும் குரங்கும் காக்கையும் வந்த இடத்தில் முட்டையையும் குஞ்சையும் எடுக்கும். தின்பண்டம் நுழைவாயிலோடு நிற்க வேண்டும். பையைச் சோதித்து, தண்ணீர் பாட்டில் மட்டும் எண்ணி உள்ளே அனுப்பி, வெளியே வரும்போது எண்ணிப் பார்க்க வேண்டும். மூடி பூட்டும் தொட்டி வாயிலில் இருக்கலாம், அதையும் தினமும் மாலை இருட்டுவதற்குள் காலி செய்ய வேண்டும்.

பாதையில லைட் போடலாமா?

வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு வாயிலை மூடினால் விளக்கே தேவையில்லை. வாயிலில் மட்டும், கீழ்நோக்கி மூடிய மஞ்சள் விளக்கு ஒன்று போதும்.

அப்ப யாருமே உள்ள போகக் கூடாதுங்கறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. ஊர்ப் பிள்ளைகள் சோலையைப் பார்த்து வளர வேண்டும். பார்க்காத காட்டுக்காக நாளைக்கு யாரும் பேச வர மாட்டார்கள். எங்கே, எப்போது, எத்தனை பேர் என்பதுதான் பேச்சு. திட்டம் போடுகிறவர்களிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை இது.

பாதை ஒன்றே ஒன்று, ஓரத்தை ஒட்டி, ஏற்கெனவே உள்ள ஒற்றையடித் தடத்தின் மேல். அகலம் ஒரு மீட்டர், ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அளவு. ஓடையைக் கடப்பது ஒரே இடத்தில். உள்ளே முட்டி நிற்கும் கிளைப்பாதை வேண்டாம், ஏனென்றால் அதன் முனையில்தான் கூட்டம் உட்காரும். சோலைப் பரப்பில் குறைந்தது முக்கால்வாசி, எந்தப் பாதையிலிருந்தும் 100 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். வரைபடத்தில் பாதையின் இருபுறமும் 100 மீட்டர் கோடு இழுத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். சிறிய சோலையில் இந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் வராது. அங்கே உள்ளே பாதையே கூடாது, வெளியிலிருந்து பார்க்கலாம்.

மார்ச் முதல் ஜூன் வரை உட்பகுதி மூடியிருக்க வேண்டும். இது நடக்காத காரியமல்ல: தீ அபாயம் உள்ள மாதங்களில் மலையேற்றத்தை வனத்துறை நிறுத்துவது வழக்கம்தான். மற்ற மாதங்களில் வழிகாட்டியுடன் எட்டுப் பேர் கொண்ட குழு, ஒரு நேரத்தில் ஒரு குழு. குழந்தைகள் விளையாடும் இடம், ஊஞ்சல், செல்ஃபி மேடை, கடை எல்லாம் ஏற்கெனவே மாறிப்போன நிலத்தில் வரட்டும். பேருந்து நிலையம் பக்கம், பழைய கட்டட வளாகம், தோட்டக்கலைப் பூங்கா என்று இடத்துக்குப் பஞ்சமில்லை.

காட்டை விட்டுட்டுப் பக்கத்துல வெறும் புல்வெளிதானே கிடக்கு, அங்க போட்டா?

அது வெறும் நிலமல்ல. நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை அந்தப் புல்லின் தூரிலேயே, தரையில் கூடு வைக்கிறது. அதுவும் இந்த மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் இல்லை. இயற்கைப் புல்வெளி சோலையை விட வேகமாகக் காணாமல் போய்விட்டது. சீகை மரத் தோப்பும் தைலமரத் தோப்பும் தேயிலையும் அதன் மேல்தான் வந்தன. இடம் தேடினால் அந்தத் தோப்புகளில் தேடுங்கள்.

பாதையை ஏற்கெனவே போட்டாச்சு. இனி என்ன செய்ய முடியும்?

நிறையவே. செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். முதலில் நேரம்: காலை எட்டு மணிக்கு முன் திறக்கக் கூடாது. விடிந்து முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் பாட்டுக்கும் இரை ஊட்டுவதற்கும் உச்ச நேரம். காலை நடை போகிறவர்கள் இதை விரும்ப மாட்டார்கள். அவர்களுக்குச் சோலைக்கு வெளியே உள்ள சாலையைக் காட்டுங்கள், உடலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து, கிளைப்பாதைகளை மூடுவது. பலகை வைத்தால் தாண்டிப் போவார்கள். விழுந்த மரத்தை வாய்ப்பகுதியில் குறுக்கே போட்டு, முதல் பத்து மீட்டருக்குக் குறிஞ்சியும் முள் பெர்ரியும் நட்டால் பாதை கண்ணுக்கே தெரியாது. பாதையோரம் புதர் கழிப்பதை நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவர், இருக்கை ஆகியவற்றை வாயிலுக்கு அருகே மாற்றுங்கள், ஆள் உட்காரும் இடமே அதிகத் தொந்தரவு தருவது. சருகு கூட்டும் வேலையை ஒப்பந்தத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். தினக்கூலி ஆளிடம் "கூட்டாதே" என்று சொல்லிப் பயனில்லை, ரசீதில் அந்த வரி இருக்கும் வரை அவர் கூட்டத்தான் வேண்டும்.

களைச்செடி எடுக்கறது நல்ல காரியம்தானே? அதுக்கும் ஏன் ஆட்சேபணை?

காரியம் நல்லது, மாதம்தான் தவறு. செஸ்ட்ரம், உன்னிச்செடி, ஸ்காட்ச் புரூம் எல்லாம் பாதையோர வெளிச்சத்தில் பெருகுகின்றன, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளூர்ப் புதர் போன இடத்தில் குருவி அந்தக் களையிலேயே கூடு வைத்திருக்கும். ஏப்ரலில் கல்லூரி மாணவர்கள் ஐம்பது பேரைக் கூட்டிவந்து ஒரே நாளில் வழித்தால், கூட்டோடுதான் வழிப்பார்கள்.

ஆகஸ்ட் முதல் ஜனவரிக்குள் செய்யுங்கள், கனமழை வாரங்களைத் தவிர்த்து. பத்துக்குப் பத்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று எடுங்கள். மீதியை உள்ளூர்ச் செடி தலை தூக்கிய பிறகு, அடுத்த ஆண்டு எடுக்கலாம். செஸ்ட்ரத்தை வேரோடு பிடுங்க வேண்டும், வெட்டினால் அடியிலிருந்து தழைத்துவிடும். பிடுங்கிய தண்டு ஈரத் தரையில் கிடந்தால் மறுபடி வேர் பிடிக்கும், குறுக்குக் கட்டையின் மேல் காய வையுங்கள். நடுவதற்குச் சோலையிலேயே விதை எடுத்து வளர்த்த குறிஞ்சி, நாவல் இனங்கள், ஓரத்துக்குத் தவிட்டுப்பழச் செடி. பழம் வந்தால் சிரிப்பான் தானே தேடி வரும்.

நடந்து போகும்போது கூடு ஒண்ணு கண்ல பட்டுச்சு. என்ன பண்ணணும்?

நிற்காமல் அதே வேகத்தில் நடந்து கடந்து போங்கள். நின்று திரும்பி வந்தால் காக்கைக்கு வழி காட்டியதாகிவிடும். இலையை விலக்கிப் பார்க்கக் கூடாது, அந்த இலைதான் மறைப்பு. இடத்தை வனக்காப்பாளரிடம் மட்டும் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

குஞ்சு தரையில் கிடந்தால் இறகைப் பாருங்கள். இறகு முளைத்துத் தத்தித் தாவினால் அது கூட்டை விட்டு வந்த குஞ்சு, தாய் பக்கத்திலேயே இருக்கும், விட்டுவிடுங்கள். இறகில்லாத குஞ்சு என்றால் கூட்டில் மெதுவாக எடுத்து வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல.

போன்ல குருவி சத்தம் போட்டா உடனே வருதே, போட்டோ எடுக்க அது தப்பா?

கூடு கட்டும் காலத்தில் தப்புதான். எதிரி எல்லைக்குள் வந்துவிட்டது என்று நம்பித்தான் ஆண் பறவை ஓடி வருகிறது. சண்டைக்கு ஆள் தேடும் நேரமெல்லாம் குஞ்சுக்கு இரை போகாத நேரம். ஒரு நாளில் ஐந்து பேர் இதையே செய்தால் அது எல்லையையே விட்டுப் போய்விடக்கூடும். கூட்டின் முன் மறைப்பிலையைக் கிள்ளிப் படம் எடுப்பது இதை விட மோசம், சட்டப்படியும் குற்றம்.

கூட்டுப்பெட்டி மாட்டினா ஈடு கட்டிடலாமே?

முடியாது. மேலே சொன்னவற்றில் ஈப்பிடிப்பானும் சிரிப்பானும் பெட்டிக்குள் கூடு வைப்பவை அல்ல. சோலைக்கிளி பொந்தில் வைத்தாலும் அதற்குத் தேவை ஈர மண்சரிவும் சுற்றியுள்ள இருட்டும். பெட்டியில் மைனாவோ அணிலோ குடியேறும். திட்ட அறிக்கையில் "நூறு கூட்டுப்பெட்டிகள்" என்று ஒரு வரி இருந்தால், எழுதியவர் எந்தப் பறவை என்று யோசிக்கவில்லை என்று பொருள்.

இந்தக் குருவிங்க இருக்குன்னு ஆபீஸ்ல எப்படி நிரூபிக்கறது?

கூட்டைத் தேடாதீர்கள், தேடுவதே தொந்தரவு. கூடு இருப்பதற்கான அறிகுறிகளைப் பதிந்தால் போதும்: வாயில் பாசி அல்லது நார் எடுத்துப் போவது, புழுவோடு ஒரே புதருக்குத் திரும்பத் திரும்பப் போவது, குஞ்சின் எச்சப் பையைத் தூக்கி வெளியே போடுவது, குட்டை வாலுடன் குஞ்சு தெரிவது. தேதி, நேரம், ஜி.பி.எஸ். புள்ளி, நடத்தை ஆகிய நான்கும் ஒவ்வொரு பதிவிலும் இருக்கட்டும். பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் ஏற்றினால் கூடு கட்டும் நடத்தைக்கான குறியீட்டையும் சேருங்கள்.

எண்ணிக்கைக்குப் புள்ளிக் கணக்கெடுப்பு எளிது. பாதையோரம் ஆறு புள்ளி, பாதையிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் ஆறு புள்ளி, ஒவ்வொன்றும் குறைந்தது 150 மீட்டர் இடைவெளியில். விடிந்ததிலிருந்து ஒன்பது மணிக்குள், ஒவ்வொரு புள்ளியிலும் பத்து நிமிடம் அசையாமல் நின்று, 50 மீட்டருக்குள் கேட்டதையும் பார்த்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை மாதம் ஒருமுறை, அதே ஆட்கள். மழை, பலத்த காற்று நாள் வேண்டாம். தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு: பாதையோரத்தை ஞாயிற்றுக்கிழமையும் உட்பகுதியைச் செவ்வாய்க்கிழமையும் எண்ணுவது. இரண்டையும் ஒரே காலையில் எண்ணாவிட்டால் ஒப்பீட்டை யாரும் ஏற்க மாட்டார்கள்.

சட்டத்துல ஏதாவது பிடி இருக்கா?

இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்பதற்கான விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். முந்தைய கேள்வியில் சொன்ன பதிவுகள் இங்கேதான் உதவும். கூடு கட்டும் மாதத்தில் புதர் ஒதுக்கும் பணியாணை என்றால், அந்த இடத்தில் கூடு இருப்பதற்கான பதிவோடு மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.

நிலம் காப்புக்காடு என்றால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம். 2023 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்புதல் பெற்ற வனச் செயல்திட்டத்தில் (காட்டில் என்ன பணி நடக்கும் என்று வனத்துறை வகுக்கும் திட்டம்) இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகளுக்கு இந்தச் சட்டத்தின் பிடி தளர்ந்துவிட்டது. எனவே "செயல்திட்டத்தில் இந்தப் பணி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்பதே முதல் கேள்வி. ராம்சார் இடமானால் 2017-ஆம் ஆண்டு சதுப்புநில விதிகளும் சேரும், அவை நிரந்தரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துகின்றன. பட்டா நிலம் என்றாலும் கைவிட வேண்டாம், 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் இருக்கின்றன.

டெண்டரே விட்டாச்சாம். யார்கிட்ட போறது?

முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "திட்டத்தைப் பற்றி எல்லாத் தகவலும் தருக" என்று கேட்டால் ஒன்றும் வராது. திட்ட அறிக்கை, ஜி.பி.எஸ். புள்ளிகளுடன் வரைபடம், வனச் செயல்திட்டத்தின் உரிய பக்கங்கள், பெற்ற அனுமதிகளின் நகல், பணியாணை, பறவை ஆய்வு நடந்திருந்தால் அதன் நகல் என்று தனித்தனியாக எண் போட்டுக் கேளுங்கள். பதில் வரும் வரை காத்திருக்காமல், வன அலுவலர், மாவட்ட ஆட்சியர், உள்ளாட்சி மூவருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். கிராம ஊராட்சி என்றால் மே 1 கிராமசபையில் தீர்மானம் போடலாம், அது கூடு கட்டும் காலத்தின் நடுவிலேயே வருகிறது. பேரூராட்சி, நகராட்சி என்றால் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டச் சொல்லுங்கள்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. அதற்கு மேல் அறுபது நாள் வரை தீர்ப்பாயம் மன்னிக்கலாம். பலர் வேலை முடிந்த பிறகு போய் இந்தக் கெடுவில் விழுகிறார்கள். இன்னொன்று, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் அட்டவணையில் இல்லை. கூடு அழிப்பை மட்டும் வைத்து அங்கே வாதாட முடியாது. வனப் பாதுகாப்புச் சட்டம் போல அட்டவணையில் உள்ள சட்டம் மீறப்பட்டிருந்தால் தீர்ப்பாயம், இல்லையென்றால் உயர் நீதிமன்றம்.

சுற்றுலா இல்லேன்னா எங்க பிள்ளைங்களுக்கு வேலை ஏது?

நியாயமான கேள்வி, இதற்குப் பதில் இல்லாமல் எந்த மனுவும் ஊரில் எடுபடாது. ஜிப்லைன் வந்தால் பெரும்பாலும் வெளியூர் ஒப்பந்தக்காரர் வருவார், உள்ளூர்ப் பிள்ளைக்குச் சீட்டுக் கிழிக்கும் வேலை கிடைக்கும். எட்டுப் பேர் குழு முறையில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும். காட்டையும் பறவையையும் பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்தவர் வேண்டும், அவர் உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார். களை எடுப்பு, நாற்றங்கால், வாயில் காவல் ஆகியவையும் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை தொடர்ந்து கூலி தரும் வேலைகள், கோடைக் கூட்டம் இல்லாத மாதங்களில்.

மூடியிருக்கும் மார்ச் முதல் ஜூன் வரைக்கும் ஒரு வழி வைக்க வேண்டும். அதே வழிகாட்டிகளை ஓரப் பாதை, தைலத் தோப்பு, தேயிலைத் தோட்ட நடைகளுக்கு மாற்றலாம். உட்பகுதியில் கணக்கெடுப்புக்கும் காவலுக்கும் இருவரை நாள் ஊதியத்தில் வைக்கலாம். இந்த ஊதியம் நுழைவுக் கட்டணத்திலிருந்து வரும் என்று திட்ட ஆவணத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக விட்டால், முதல் சீசனிலேயே "வருமானம் போகிறது" என்று உட்பகுதியைத் திறந்துவிடுவார்கள்.